மூலை டேபிளைப் பார்த்துக்கொண்டது யார்?

விபத்து வழக்கு நடத்தப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. மூளையின் படத்தைக் கைப்பேசியிலேயே வரவழைத்து, விரலால் பெரிதாக்கி, நீதிபதிக்குப் பாடம் எடுக்கிறீர்கள். தொண்ணூறுகளில் நாங்கள் ஸ்கேன் படத்தைப் பெரிய காக்கி உறையில் போட்டு, மழையில் நனையாமல் கறுப்புக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு திருவனந்தபுரம் வஞ்சியூர் நீதிமன்றப் படி ஏறுவோம். நீதிபதி படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். வெளியே மழை மூட்டம் என்றால் கட்சிக்காரனின் மூளையும் மங்கலாகத்தான் தெரியும்.

அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. மரத்தடியில் வரிசையாக டைப்ரைட்டர்கள் தட்டும் சத்தம், கேன்டீனில் கொதித்துக் கொதித்துக் கசந்துபோன டீ, காலையில் குடுமிப்பிடிச் சண்டை போட்ட எதிர்க்கட்சி வக்கீலோடு மத்தியானம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜி தின்றது எல்லாம் நினைவுக்கு வருகின்றன. கிழவி புலம்புகிறாள் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கும் ஒருநாள் வரும்.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது ஆறுமுகம் என்கிற ஹோட்டல் சப்ளையரின் வழக்கு.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அலுவலக வேலையாக வந்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அதனால் ஊரில் தமிழ் பேசும் கூலிக்காரர்கள், கடைச் சிப்பந்திகள், ஹோட்டல் ஆட்கள் எல்லோரும் வழக்கு என்றால் என்னைத் தேடி வருவார்கள். அப்படித்தான் சொர்ணமும் வந்தாள். ஆறுமுகத்தின் மனைவி.

ஆறுமுகம் பழவங்காடியில் ஒரு சைவ ஹோட்டலில் வேலை பார்த்தார். கணபதி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வருகிற கூட்டம் நேராக அந்த ஹோட்டலுக்குள்தான் நுழையும். அன்றைய சப்ளையர்கள் எதையும் எழுத மாட்டார்கள். ஒரு மேசையில் எட்டு பேர் உட்கார்ந்து எட்டு விதமாகச் சொன்னாலும் காதில் வாங்கி, அடுக்களை ஜன்னலில் போய்க் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஆறுமுகம் அதில் கெட்டிக்காரர். நெய் ரோஸ்ட் கேட்டவருக்குப் பக்கத்து ஆள் ஊத்தப்பத்தில் வெங்காயம் வேண்டாம் என்றது வரைக்கும் மறக்க மாட்டார். போன மாதம் வந்தவர் காப்பிக்குச் சர்க்கரை குறைவாகக் கேட்டதுகூட நினைவில் இருக்குமாம்.

வருஷத்துக்கு ஒருமுறை ஹோட்டலுக்கு வெள்ளையடிப்பார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் விடுமுறை. அப்படி ஒரு விடுமுறையில் சப்ளையர்கள் சேர்ந்து வாடகை வேனில் பொன்முடி மலைக்குப் போனார்கள். இறங்கி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் கணேசன் என்கிற சப்ளையருக்குக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. ஆறுமுகம் தன் ஜன்னலோர இருக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்கதவை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொண்டார். கல்லாறுக்கு மேலே ஒரு வளைவில் டிரைவர் வேகத்தை அடக்கவில்லை. வேன் சுவரில் மோதிச் சாய, பின்கதவு திறந்துகொண்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. ஆறுமுகத்தின் தலை பாறையில் பட்டது.

வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். பிறகு கண் விழித்தார், பேசினார், நடந்தார். மணிக்கட்டு முறிவும் கூடிவிட்டது. சொர்ணம் நேர்ந்துகொண்டபடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். சில மாதங்களில் ஆறுமுகம் பழையபடி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். சொர்ணம் என்னிடம் வந்தது அதற்குப் பிறகு.

"அவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாதான் இருக்காரு மேடம். ஒரு குழப்பமும் இல்ல."

அப்படியென்றால் மணிக்கட்டுக்கு உண்டான இழப்பீடு கிடைக்கும், அவ்வளவுதான் என்றேன். சொர்ணம் எழுந்து போகவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிடப் போகும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"மேடம், போன வாரம் சின்னவள கூட்டிட்டுச் சாலை மார்க்கெட்டுக்குப் போனாரு. காய்கறிப் பையோட திரும்பி வந்தாரு. பிள்ள எங்கன்னு கேட்டேன். எந்தப் பிள்ளன்னாரு."

தேங்காய்க் கடைக்காரர் ஒருவர் அடையாளம் தெரிந்து குழந்தையை வீட்டில் கொண்டு விட்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு சொர்ணம் அழவில்லை. கோபமாக இருந்தாள். "நான் வேலைக்குப் போலாம்னா, பிள்ளைகள ஆரு கிட்ட விட்டுட்டுப் போவேன்? அவரு கிட்டயா?"

வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த வீட்டில் இனி ஒருவர் எப்போதும் காவல் இருக்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டில் ஒருவர்கூட நிம்மதியாகச் சம்பாதிக்கப் போக முடியாது. அதற்கு இழப்பீடு கிடைக்குமா, கிடைக்காதா என்பதுதான் கேள்வி.

அவரைப் பார்த்த நரம்பியல் மருத்துவரிடம் போனேன். பொறுமையான மனிதர். மூளையின் முன்பகுதியில் தழும்பு இருக்கிறது என்றார். "கண்ணுக்கு முன்னாடி இருக்கிற ஒரு வேலையைச் செய்துவிடுவார். இரண்டாவது ஒன்று வந்தால் முதலாவது விழுந்துவிடும். அது விழுந்ததே அவருக்குத் தெரியாது. தனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சத்தியமாக நம்புகிறார். அதுவும் காயத்தோடு சேர்ந்ததுதான்."

"புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று எழுதித் தருவீர்களா?" என்று கேட்டேன். அப்படி எழுதினால் மனைவியைக் காப்பாளராகப் போட்டு வழக்கை நடத்தலாம். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "அவர் பைத்தியம் இல்லை. நான் பொய் எழுத மாட்டேன்."

சரிதானே? ஆனால் எங்கள் சங்கடம் அங்கேதான். சட்டத்துக்கு இரண்டு அறைகள்தான் தெரியும். ஒன்றில் புத்தி உள்ளவர்கள், மற்றதில் புத்தி இல்லாதவர்கள். ஆறுமுகம் இரண்டுக்கும் நடுவில் வராந்தாவில் நின்றார். ஆகவே வழக்கை அவர் பெயரிலேயே போட்டேன். அவர்தான் முதல் சாட்சி.

தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு, படிய வாரிய தலையோடு கூண்டில் ஏறினார் ஆறுமுகம். நீதிபதிக்கு வணக்கம் சொன்ன அழகைப் பார்த்தால் தலையில் அடிபட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலை எப்படிப் போகிறது என்று நீதிபதி மலையாளத்தில் கேட்டார்.

"சுகமா போகுது சாரே. முன்ன மாதிரியேதான்."

காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நல்ல மனிதர், அடக்கமாக ஒரு புகைப்படத்தை நீட்டினார். அவர்கள் அனுப்பிய ஆள் ஹோட்டலில் எடுத்தது. இடது கை நெடுக தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஆறுமுகம் சிரித்தபடி நடந்து வருகிறார். "இது நீங்கள்தானே?" என்றதும், "ஆமா சாரே, நல்லா விழுந்திருக்கே! எனக்கும் ஒரு படம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டார் என் கட்சிக்காரர்.

அடுத்து மருத்துவரைக் கூண்டில் ஏற்றினேன். "உங்கள் பரிசோதனைப்படி இவரால் இந்த வேலை முடியாது. ஆனால் தினமும் செய்கிறார். பரிசோதனை தப்பா, புகைப்படம் தப்பா?" என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார். மருத்துவர் நேர்மையாகச் சொன்னார்: "ஹோட்டலில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது. ஆகவே சாப்பிடப் போனேன்.

காலைக் கூட்டம் நெரிகிற நேரம். ஆறுமுகத்தின் பொறுப்பில் இருந்தது மூலை டேபிள் மட்டும்தான். அங்கேயே உட்கார்ந்தேன். "வாங்க மேடம்!" என்று முகமெல்லாம் சிரிப்பு. என் மேசையில் இன்னும் மூன்று பேர். எல்லோரும் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நடந்தார். அவருக்குப் பின்னால், பக்கத்து மேசையைத் துடைக்கிற சாக்கில் கணேசன் நின்றிருந்தார். ஆறுமுகம் அடுக்களை ஜன்னலுக்குப் போய்ச் சேருவதற்குள் கணேசன் வேறு பக்கமாகப் போய் உள்ளே குரல் கொடுத்துவிட்டார். ஆறுமுகம் வாயைத் திறக்கும் முன்பே தட்டுகள் வந்தன. உள்ளே இருந்தவர் அவற்றை யார் யாருக்கு என்கிற வரிசையிலேயே கையில் அடுக்கினார். வேறொரு சப்ளையர் எங்கள் மேசைக்கு எதிரே வந்து நின்று, எந்தத் தட்டு யாருக்கு என்று கண்ணால் காட்டினார். ஆறுமுகத்திடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியைப் போல அவ்வளவு பழகியிருந்தது அது.

நான் வேண்டுமென்றே, "ஆறுமுகம், வடை வேண்டாம், போண்டா கொண்டு வாங்க" என்றேன். கணேசன் அப்போது தூரத்தில் இருந்தார். ஆறுமுகம் வடைத் தட்டைக் கையில் எடுத்தார், நாலடி நடந்தார், கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார். தட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம்கூட இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரைப் போல நின்றார். கணேசன் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, மேடத்துக்குப் போண்டா."

"தெரியும்ல! போயிட்டுத்தானல இருக்கேன்."

அந்த போண்டாவை நான் சாப்பிடவில்லை.

என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். இவர்கள் எல்லோரும் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். தங்கள் ஆளைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்தார்கள். அந்தத் தாங்கலைத்தான் காப்பீட்டு நிறுவனம் புகைப்படம் எடுத்து, இதோ நிற்கிறாரே என்றது. அவர்கள் கொஞ்சம் கெட்டவர்களாக இருந்திருந்தால் என் வழக்கு சுலபமாக இருந்திருக்கும்.

கூட்டம் ஓய்ந்ததும் கணேசனைக் கை கழுவும் இடத்தில் பிடித்தேன். கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும் என்றேன். அவர் கைகூப்பிவிட்டார்.

"மேடம், அண்ணாச்சி முன்னால நான் எப்படிச் சொல்லுவேன்? உங்களால முடியல, நாங்கதான் பாக்கோம்னு அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லணுமா? அவரு அந்த சீட்ட எனக்குத் தராம இருந்திருந்தா..." அவர் அதை முடிக்கவில்லை. "மொதலாளிக்குத் தெரிஞ்சா அண்ணாச்சிய நிறுத்திட்டா என்ன செய்ய?"

சொன்னால் ஆறுமுகத்தின் மானமும் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் சொர்ணத்துக்கும் பிள்ளைகளுக்கும் வழி இல்லை. மருத்துவரிடம் கேட்டேன். "அவரிடம் சொன்னால் நம்ப மாட்டார். ஒருவேளை நம்பிவிட்டால் என்ன ஆவார் என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். வழக்குப் போட்டவரே அவர் என்பதால், கணேசன் சாட்சி சொல்லும்போது அவரை நீதிமன்றத்தை விட்டு வெளியே போகச் சொல்லவும் முடியாது. கடைசியில் கணேசனிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். "அவரைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டேன். உங்க வேலையைப் பற்றி மட்டும் கேட்பேன். நீங்க என்னென்ன செய்யுறீங்கன்னு சொன்னால் போதும்."

கணேசன் வந்தார். ஆறுமுகம் பின்வரிசையில் சொர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கூட்டாளி கூண்டில் நிற்பதைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன், கணேசன் சொன்னார். "என் டேபிள்களைப் பாப்பேன். மூலை டேபிள் ஆர்டரையும் கேட்டு வச்சுக்கிடுவேன். உள்ள போய் நானே சொல்லிருவேன். தட்டு மாறிப் போச்சுன்னா மாத்தி வப்பேன். தண்ணி, பில்லு, எல்லாம் ரெண்டு தடவ பாப்பேன்." நீதிபதியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அவர் நிமிர்ந்து பின்வரிசையை ஒருமுறை பார்த்தார். அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நான் உட்கார்ந்தேன்.

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். அவருக்கும் பிடிபட்டுவிட்டது. ஆனால் அவர் தன் வேலையைச் செய்ய வேண்டுமே. "சுற்றி வளைக்க வேண்டாம், கணேசன். ஆறுமுகத்தால் சப்ளையர் வேலை செய்ய முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

கணேசன் கூண்டின் கட்டையைப் பிடித்தார். பின்வரிசையைப் பார்த்தார். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார் நீதிபதி. அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

அப்போது ஆறுமுகம் எழுந்து நின்றார்.

"சாரே, ஒரு நிமிசம். அவன ஒண்ணும் கேக்காதீங்க. அவனுக்கு மல எறங்கினா ஆகாது, வாந்தி எடுப்பான், பாவம். நான்தான் அவன் டேபிளையும் சேத்துப் பாக்கேன். பிள்ளகுட்டிக்காரன் சாரே. அவன் வேலைய மட்டும் எடுத்துராதீங்க."

இரு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றார். இந்த வழக்கே கணேசனின் வேலை போகாமல் இருப்பதற்காக நடக்கிறது என்று எப்போதோ அவர் மனத்தில் பதிந்துவிட்டிருக்கிறது. அவருக்குக் கணேசன் இன்னும் அந்த வேனில்தான் இருந்தார்.

கணேசனின் கன்னத்தில் நீர் வழிந்தது. நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமா சாரே. அண்ணாச்சிதான் என்னையப் பாத்துக்கிடுதாரு."

சத்தியம் செய்து ஏறிய கூண்டில் நின்று என் சாட்சி சொன்ன பதில் அது. காகிதத்தில் படித்துப் பாருங்கள்: ஆறுமுகம் இரண்டு ஆள் வேலை செய்கிறார். என் வழக்கின் கழுத்தில் நானே கத்தி வைத்துவிட்டேன். என் சாட்சியை நானே மறுபடி கேட்டு மறுவிசாரணை செய்ய எனக்கு உரிமை இருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டு உண்மையை வெளியே இழுத்திருக்கலாம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சொர்ணமும் பார்த்தாள். அவள் லேசாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

"மறுவிசாரணை இல்லை" என்றேன்.

நீதிபதி அந்தப் பதிலை வார்த்தை மாறாமல் எழுதச் சொன்னார். அதற்குக் கீழே, மனுதாரர் தானாக எழுந்து பேசியதையும், சாட்சி அழுதுகொண்டே பதில் சொன்னதையும், தான் கண்ணால் பார்த்த குறிப்பாகச் சேர்க்கச் சொன்னார். சாட்சியின் நடவடிக்கையைக் குறித்துவைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள், யாரும் அதைப் பயன்படுத்தி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். "இன்னும் கேட்கணோ?" என்று எதிர்க்கட்சி வக்கீலிடம் கேட்டார். "மதி சார்", போதும் என்று சொல்லி அவர் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. தலைக் காயம் அவரது வேலையைத் தின்றுவிட்டது, உடன் ஓர் ஆள் எப்போதும் தேவை என்று எழுதினார் நீதிபதி. சொர்ணத்தின் பெயரில் மாதாமாதம் பணம் கைக்கு வருகிற மாதிரி ஏற்பாடு செய்தார். மேல்முறையீடு வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். எதிர்க்கட்சி வக்கீல் கேன்டீனில் டீயை ஊதிக்கொண்டே, "வேண்டாமென்று கம்பெனிக்கு எழுதிவிட்டேன்" என்றார். அப்படிப்பட்ட எதிரிகள் வாய்த்த காலம் அது. அவர் இப்போது இல்லை. அந்த பெஞ்சும் இல்லை.

ஹோட்டல் முதலாளி கணேசனைக் கூப்பிட்டு, "கோர்ட்டுல போயி என் கடைக் கதையெல்லாம் சொன்னியாமே" என்று மட்டும் கேட்டாராம். மூலை டேபிள் ஆறுமுகத்துக்கே இருந்தது.

நான் செய்தபடி நீங்களும் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. வேறொரு நீதிபதியாக இருந்திருந்தால் சொர்ணத்தின் குடும்பத்தை நான் தெருவில் விட்டிருப்பேன். இன்றைக்கும் நினைத்தால் வியர்க்கிறது. ஆனால் அந்த வழக்குக்குப் பிறகு, தலையில் அடிபட்ட யார் வந்தாலும், இவரால் எது முடியாது என்று நான் முதலில் கேட்பதில்லை. நல்லாத்தான் இருக்கார் என்பார்கள். இவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், அவர்கள் காலையிலிருந்து என்ன செய்கிறார்கள் என்று கேட்பேன். காயம் அங்கேதான் கிடைக்கும்.

ஓய்வு பெற்ற வருஷம் பழவங்காடியில் தேங்காய் உடைத்துவிட்டு அந்த ஹோட்டலுக்குப் போனேன். மேசையெல்லாம் மாறி, சுவரெல்லாம் பளபளத்தது. மற்ற சப்ளையர்கள் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆறுமுகத்தின் தலை நரைத்திருந்தது. கையில் சீட்டும் இல்லை, பேனாவும் இல்லை. "வாங்க மேடம்!" என்று அதே சிரிப்பு. அவருக்குப் பின்னால் தொந்தி விழுந்த கணேசன் பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆறுமுகம் குனிந்து, என் காதோடு சொன்னார்.

"கணேசன் இப்ப பரவால்ல மேடம். ஆனாலும் நான் ஒரு கண்ணு வச்சிருக்கேன் கேட்டோ."

கணேசனுக்கு அது கேட்டது. துணியை உதறிவிட்டுத் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

நான் போண்டா கேட்டேன். கணேசன் உள்ளே குரல் கொடுக்கப் புறப்பட்டவர், என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஆறுமுகம் தானே வடை கொண்டுவந்து வைத்தார். நன்றாக இருந்தது.